பீங்கான்காரரின் பதினோரு கேள்விகள்

கட்டைவிரலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் தொட்டு, கால்சட்டையில் ஒரு தேய் தேய்த்துவிட்டு, போன வாரம் காலமான ஒரு பெரியவரின் இடது காதை அழித்துக்கொண்டிருக்கிறார் பீங்கான்காரர். மூன்றாவது தடவையாக அழிக்கிறார். "காது இவ்வளவு பெருசா என்ன உங்களுக்கு? போட்டோவுல நீங்க ஒண்ணு காட்டறீங்க, உங்க மக ஒண்ணு சொல்றாங்க. நான் யார நம்பறது?" என்று பலகையில் இருப்பவரைக் கடிந்துகொள்கிறார். பெரியவர் பாதிக் காதோடு பொறுமையாகச் சிரித்தபடி இருக்கிறார்.

கல்லறையில் பதிக்கிற பீங்கான் பலகைதான் இவர் தொழில். ஒரு முழ நீளம், வழுவழுவென்று வெள்ளை. அதன்மேல் இறந்தவரின் முகம், பெயர், பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, இறந்த வருடம். ஓரத்தில் அவருக்கென்றே ஒரு சித்திரம். வர்ணம் தீட்டிச் சூளையில் வைத்துச் சுட்டுவிட்டால் மழை, வெயில், காக்கை எச்சம் எதற்கும் அசையாது. சுடுவதற்கு முன்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிக்கலாம். ஈரக் கட்டைவிரல் போதும். "சூளைக்குள்ள போற வரைக்கும் என் ராஜ்யம். கதவச் சாத்திட்டா அதோட ராஜ்யம்" என்பார். சூளை என்றதும் புகை, விறகு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். துணி துவைக்கும் மெஷின் அளவில், பட்டறை மூலையில் உட்கார்ந்திருக்கும் மின்சாரச் சூளை அது. சூடாகி ஆறி முடிய ஒரு முழு நாள் வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பலகை விண்டுபோகும். இது தெரிந்தும், ஐம்பத்தெட்டு வயது மனிதர், மணிக்கொரு தரம் கதவருகே போய் மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு வருவார். "என்ன, வெந்துடுச்சா? எறக்கலாமா?" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

அக்கம்பக்கத்தில் அவரைக் கல்லுக்காரர் என்றுதான் சொல்வார்கள். "கல்லு இல்லைங்க, பீங்கான்" என்று பத்து வருடம் திருத்தியதில் பாதிப் பேர் மாற்றிக்கொண்டார்கள். புதிய மனிதர்களிடமோ தொழிலைச் சொல்ல அவருக்கு நா எழாது. ஒருமுறை முடிவெட்டுகிறவர் கேட்டபோது "பீங்கான் வேலை" என்று மட்டும் சொல்லி வைத்தார். அந்த மனிதர் தம் வீட்டுக் கழிப்பறையில் பீங்கான் விரிசல் விட்ட கதையை அரைமணி நேரம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். இவரும் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விரிசலை அடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். கல்லறைப் பலகை செய்கிறவன் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

பட்டறைக்குள் வந்துவிட்டால் ஆளே வேறு. மேஜை இழுப்பறையில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். அவரே எழுதி நகல் எடுத்து வைத்திருக்கும் கேள்வித்தாள், மொத்தம் பதினோரு கேள்விகள். பெயரும் தேதியும் கடைசியில்தான் வரும். முதல் கேள்வி: "கை சும்மா இருக்கும்போது என்ன பண்ணுவாங்க?" வந்தவர்கள் விழிப்பார்கள். "ஓரத்துல ரெண்டு ரோஜாப்பூ போட்டுடுங்களேன்" என்று நழுவப் பார்ப்பார்கள். விடமாட்டார். "ரோஜாப்பூ யார் வேணும்னாலும் போட்டுக் குடுப்பாங்க சார். அவருக்குன்னு ஒண்ணு இருந்திருக்கும், யோசிச்சுச் சொல்லுங்க." அவர்கள் யோசிப்பார்கள், தங்களுக்குள் சண்டை போடுவார்கள், பாதியில் ஒருவர் அழுவார். கண்டிப்புக்குப் பேர்போன ஒரு கணக்குப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று பெற்ற பிள்ளைகள் நாலு பேருக்கும் தெரியவில்லை. வாசலில் நின்றிருந்த மருமகள்தான் சொன்னாள், கையில் எந்தத் துண்டுச் சீட்டு கிடைத்தாலும் மாமா அதைக் கப்பலாக மடித்துவிடுவார் என்று. இன்று அவர் பலகையில் ஒரு காகிதக் கப்பல் இருக்கிறது. பஸ் ஓட்டினவர் ஒருவருக்குப் பக்கக் கண்ணாடி, அதற்குள் கடைசி இருக்கையில் சன்னல் ஓரமாக அவர் மனைவி. இருபத்தாறு வருடத்தில் ஒரு பலகைகூட 'இது எங்க ஆளே இல்ல' என்று திரும்பி வந்ததில்லை. இதை அவர் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. சூளைத் தட்டில் பலகைகளை அடுக்கியபின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் மிஞ்சும். அதை வீணாக்க மனம் வராது. வர்ணம் சூட்டில் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஒரு சின்னப் பீங்கான் வில்லையில் கோடுகள் இழுத்து அங்கே வைப்பார். எத்தனை நாள்தான் வெறும் கோடு இழுப்பது? ஒருநாள் தெருவில் போன தபால்காரரின் முகத்தை வரைந்து, ஓரத்தில் அவர் சைக்கிள் மணியையும் வரைந்தார். கை தன் பாட்டுக்குப் பிறந்த வருடத்தை எழுதி, பக்கத்தில் கோட்டையும் போட்டுவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி. அதற்கப்புறம் பால் போடுகிறவர், மருந்துக்கடை அம்மா, மாடி வீட்டு வாத்தியார் என்று வரிசையாக இருபத்துமூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறார்கள். எல்லோரும் உயிரோடு வெளியே நடமாடிக்கொண்டும் இருக்கிறார்கள்.

தபால்காரர் மட்டும் இப்போது உயிரோடு இல்லை. அவர் போன வருடம் திடீரென்று இறந்தபோது மகன் பட்டறைக்குத்தான் வந்தான். "எங்கப்பாவ உங்களுக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லி அழுதான். பீங்கான்காரருக்குள், முகமும் மணியும் தயாராக இருக்கிறதே என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியை நினைத்து இன்றும் அவருக்கு உடம்பு கூசும். ஒரே நாளில் முடிய வேண்டிய வேலையை வேண்டுமென்றே ஒரு வாரம் இழுத்தடித்துக் கொடுத்தார். மகன் பலகையைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. அப்போதாவது அந்த டின்னைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

இனி அக்கா. அம்மா போனபோது அக்காவுக்குப் பதினேழு வயது, இவருக்கு ஏழு. பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே இவரை வளர்த்தாள், பீங்கான் வேலை படிக்க வைத்தாள். தன் கல்யாணப் பேச்சை அவளே தள்ளித் தள்ளிப் போட, பிறகு அதை யாரும் எடுக்காமலே போய்விட்டது. இப்போது இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் பட்டறைக்கு வருவாள். சூளைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் முழங்காலுக்கு இதமாக இருக்கிறதாம். வந்த இடத்திலும் சும்மா இருப்பதில்லை. தூரிகைகளைக் கழுவுவாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள், தம்பியின் சட்டையில் பொத்தான் தொங்கினால் அங்கேயே ஊசி எடுத்துவிடுவாள்.

போன மாதம் ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். கணவனின் அம்மாவுக்குப் பலகை. முதல் கேள்விக்கே அந்த மனிதர் தடுமாறினார். "அம்மா... எப்பவும் ஏதாவது வேலையா இருப்பாங்க. சமையல், வீடு, அப்படித்தான்" என்றார். பீங்கான்காரருக்கு அன்று நாக்கில் சனி. "அது எல்லா அம்மாவும் பண்றதுதானே சார்? பெத்த அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு கூடத் தெரியலைன்னா எப்படி? இத்தனை வருஷம் கூட இருந்து என்னத்தப் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான், வீட்டில் விசாரித்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறோம் என்று சொல்லி அவரை அழைத்துப்போனாள். போகிறவர்களைப் பார்த்தபடி, "கொஞ்சம் உறைக்கட்டும்" என்று திருப்தியோடு திரும்பினார் பீங்கான்காரர்.

முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் பிஸ்கட் டின். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க டம்ளர் தேடியவள், மேல்தட்டை விட்டுவிட்டுக் கீழ்த்தட்டைத் திறந்திருக்கிறாள். கையில் ஒரு வில்லையை எட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான்தானே?"

"அது வந்துக்கா... சும்மா கலர் பாக்கறதுக்கு..."

"பொறந்த வருஷம் போட்டிருக்க. பக்கத்துல கோடு வேற."

"கோடு இல்லைன்னா பலகை மாதிரி இருக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா சிரித்துவிட்டாள். மற்றவர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "அடப்பாவி, மருந்துக்கடைக்காரியக் கூட விட்டு வைக்கல. உன் பொண்டாட்டி எங்க?"

"அவளப் போட எனக்கு தைரியம் இல்லக்கா."

"என்னப் போட மட்டும் இருந்துச்சாக்கும்."

அவள் கோபப்படவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. அசட்டுச் சிரிப்போடு அருகே போய்க் குனிந்து நின்றார். அக்கா தன் வில்லையை மறுபடி எடுத்து, ஓரத்தில் இருந்த சித்திரத்தின்மேல் நகத்தை வைத்தாள்.

"இது எதுக்குடா இங்க?"

"உன் தையல் மெஷின்தான்க்கா" என்றார். குரலில் பெருமை கூட வந்துவிட்டது. "அந்தக் கொடி வேலைப்பாட்டப் பாத்தியா? அசல் தங்க மை. பூசும்போது சாக்கடைத் தண்ணி கலர்ல இருக்கும், சூட்டுல இப்படி மாறிடும். ரெண்டு நாள் உக்காந்து போட்டேன்."

"பாத்தேன். என் மூஞ்சிய விட மெஷினுக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டிருக்க."

அவர் மறுபடி சிரிக்கப் பார்த்தார்.

"எனக்கு அந்த மெஷினக் கண்டாலே ஆகாதுடா" என்றாள் அக்கா.

"என்னக்கா சொல்ற?"

"தினமும் காலையில அதோட மூடியத் தூக்கவே மனசு வராது. நாப்பத்தஞ்சு வருஷமும் வரல. நீ சாப்பிடணும், நீ படிக்கணும், மிதிச்சேன். அது போகட்டும், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல." வில்லையைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்பதுபோல. "செத்ததுக்கு அப்புறமும் நான் தைக்கணுமாடா?"

கேட்ட குரலில் குற்றச்சாட்டு இல்லை. கடைக்குப் போய் எதையோ மறந்துவிட்டு வந்த தம்பியை விசாரிக்கிற குரல்தான். பீங்கான்காரருக்கு முகம் காது மடல் வரை எரிந்தது. தொழிலைச் சொல்லக் கூசியதும், தபால்காரர் மகனிடம் கூனிக் குறுகியதும் இதன் பக்கத்தில் வெட்கமே இல்லை என்று தோன்றியது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு மனிதரைத் தலைகுனிய வைத்து அனுப்பிய நாற்காலி எதிரிலேயே இருந்தது. யார் யாரோ வீட்டு மாமனாருக்கும் பாட்டனாருக்கும் துருவித் துருவிக் கேட்டவர், சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தையல் மெஷினை வரைந்தபோது அவருக்குச் சந்தேகம்கூட வரவில்லை. அதை நினைக்க நினைக்கத்தான் தாங்க முடியவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் தெரிந்த ஒன்றைச் செய்தார். இழுப்பறையிலிருந்து ஒரு கேள்வித்தாளை உருவி, பேனாவைத் திறந்து, அக்காவுக்கு எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கை சும்மா இருக்கும்போது என்னக்கா பண்ணுவ?"

அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு உதவ வேண்டும் என்றே யோசித்தாள். இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். ஊசி ஏறி ஏறி வலது சுட்டுவிரல் நுனி தட்டையாகியிருந்தது. சூளை டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"என் கை எப்படா சும்மா இருந்துச்சு?" என்றாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு, இது எனக்கு வராது. அடுத்த கேள்வியக் கேளு" என்றாள்.

அவரால் அடுத்ததைக் கேட்க முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த வில்லையை வாங்கிக்கொண்டார். கட்டைவிரலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் தொட்டு, கால்சட்டையில் ஒரு தேய் தேய்த்துவிட்டு, மெஷினை அழிக்கப் பார்த்தார். தூசு போய்த் தங்கக் கொடி முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அழுத்தித் தேய்த்தார்.

"சுட்டாச்சேடா, இனிமே எப்படிப் போகும்?" என்றாள் அக்கா.

அவர் மறுபடியும் கட்டைவிரலைத் தண்ணீரில் தொட்டார்.