எந்த இடத்துத் தோல்

ஜெஃப்ரிக்கு முப்பத்தொன்றாவது வயதில் இரண்டு பல்கலைக்கழகங்கள் எம்.ஃபார்ம் படிக்க இடம் கொடுத்தன. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். சொன்ன கணமே மற்றது போய்விடும்.

ஒன்று சென்னைப் பக்கம். காலை ரயிலில் ஏறினால் இருட்டுவதற்குள் சொந்த ஊரான ஆம்பூருக்குத் திரும்பிவிடலாம். உடலுக்குள் மருந்தைக் கொண்டு சேர்க்கும் வழிகளை, குறிப்பாகத் தோல் வழியே மருந்து செலுத்துவதை, அங்கே ஆராய்ந்தார்கள். மற்றது பூனா. அங்கே முழுக்க மருந்து வடிவமைப்பு; கணினியில் மூலக்கூறுகளைக் கட்டிப் பார்க்கும் படிப்பு.

பி.ஃபார்ம் முடித்ததும் கொஞ்ச நாளைக்கு என்று ஊரிலேயே ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சேர்ந்தான். அந்தக் கொஞ்ச நாளுக்கு எட்டு வயதாகிவிட்டது. வேலை கடினமானதில்லை. டிரம்மில் அமிலத்தோடு சுழலும் ஆட்டுத்தோலில் ஒன்றை வெளியே எடுப்பான். கழுத்துப் பக்கம் ஒரு கீற்று வெட்டி, வெட்டின விளிம்பில், அமிலம் பட்டால் நிறம் மாறும் மருந்து ஒரு சொட்டு விடுவான். விளிம்பு முழுக்க மஞ்சளானால் அமிலம் உள்ளே போய்விட்டது. நடுவில் நீலக்கோடு தெரிந்தால் போகவில்லை. டிரம் இன்னும் சுற்ற வேண்டும். கழுத்தில் வெட்டுவதற்குக் காரணம், அங்கேதான் தோல் கனம். வயிற்றில் வெட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்பவனை நம்பித் தோலை வெளியே எடுத்தால் சரக்கு கெடும்.

அவன் ஏங்கியது வேறொன்றுக்கு. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு கருத்தரங்கில், புரதத்தின் பள்ளம் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். ஒரு சின்ன மூலக்கூறு சுழன்று சுழன்று வந்து அதில் பொருந்தியது. வாசனை இல்லை, ஈரம் இல்லை, சத்தமும் இல்லை. பத்து நிமிடம்கூட ஓடாத காட்சி. மனிதர்கள் சில சமயம் ஒரு வாழ்க்கையையே அந்த அளவு சாட்சியத்தை நம்பித்தான் விரும்புகிறார்கள்.

டிரம் ஓட்டும் நிசார் அஹமது அவன் வயதுக்காரன்.

“இன்னா டாக்டரே, பூனாவா, மெட்ராஸா?”

“யோசிக்கிறேன் பாய்.”

“இதுல இன்னா யோசன? மெட்ராஸ்னா சாயந்திரம் பிரியாணிக்கு வந்துடலாம். பூனா போய் வடாபாவ் துன்னப் போறியா?” சிரித்தவன் கொஞ்சம் நிறுத்தி, “நம்ம வாசன ஜாஸ்தியாப் போச்சா தோஸ்த்து?” என்றான்.

ஜெஃப்ரி அடுத்த கீற்று வெட்டக் கத்தியை எடுத்தான்.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனான். பேராசிரியர் அமிர்தவள்ளி ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினார். ஒரு மேசையில் சிறு கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ரூபாய் நாணய அளவுக்கு ஆட்டுத்தோல். மேலே களிம்பு, எவ்வளவு மருந்து கீழே இறங்குகிறது என்று மணிக்கொரு தடவை அளக்க வேண்டும். அளந்துகொண்டிருந்த மாணவி ஷர்மிளா, “நாலு மாசமா ஒரே பேஜார் சார். ஒண்ணுல வேகமா எறங்குது, பக்கத்துலயே இன்னொண்ணுல எறங்கவே மாட்டேங்குது” என்றாள்.

அவள் பேச்சில் தன் ஊர்ப் பக்கத்துச் சாயல் கேட்டதும் வாணியம்பாடியா, பேரணாம்பட்டா என்று கேட்க நினைத்தான். அதற்குள் அவன் விரல்கள் அளந்து முடித்து எண் போட்டு வைத்திருந்த துண்டுகளைத் தடவத் தொடங்கிவிட்டன.

“இது வயிறு. இது முதுகு. இது கழுத்துக்குக் கிட்ட. எல்லாத்தையும் கலந்து வெச்சிருக்கீங்களே.”

“ஒரே ஆடு தானே சார்?”

“ஆடு ஒண்ணுதாம்மா. தோலு ஒண்ணில்ல.”

அவன் துண்டுகளை மூன்று குவியலாகப் பிரித்து வைத்தான். கண்ணை மூடிக்கொண்டே செய்யக்கூடிய காரியம். ஷர்மிளா நோட்டைப் புரட்டி எண்களை அந்தக் குவியல்களோடு பொருத்திப் பார்த்தாள். வேகமாக இறங்கியதெல்லாம் வயிற்றுக் குவியலில் இருந்தது. அவள் முகம் மாறியது.

“நீங்க இங்க சேர்ந்தா எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்” என்றார் அமிர்தவள்ளி.

“மருந்து வடிவமைப்பு இங்க எந்த அளவுக்கு மேடம்?”

அவர் மழுப்பவில்லை. “ஒரே ஒரு பாடம். அதுக்கு மேல எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க.”

திரும்பும் ரயிலில் ‘உபயோகம்’ என்ற சொல்லே கூட வந்தது. தொழிற்சாலையிலும் எட்டு வருடமாக அதையேதான் சொன்னார்கள். தான் எதற்கும் உபயோகமில்லாத, எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டிய ஓரிடத்தில் ஒருமுறையாவது போய் உட்கார வேண்டும் என்றிருந்தது அவனுக்கு. அது அவ்வளவு உயர்ந்த ஆசை என்று சொல்ல முடியாது. பொய்யான ஆசையும் இல்லை.

காட்பாடியில் அவன் மனைவி ஃபீபி ஏறினாள். வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். பகல் வேலை முடிந்து வருகிறாள். குடியாத்தம் வரும்வரை அவன் கண்ணாடிக் குப்பிகளைப் பற்றியே பேசினான்.

“அப்போ இங்கயே சேர்ந்துடுங்க.”

“இல்ல ஃபீபி. பூனா.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆம்பூர் நெருங்கித் தோல் வாடை உள்ளே வந்த பிறகுதான் பேசினாள். “சரி. ரெண்டு வருஷம். ஒரு நாள் ஜாஸ்தி ஆனாலும் நானே வந்து இட்டுக்கினு வருவேன்.”

வெள்ளிக்கிழமை மதியமே சம்மதம் அனுப்பிவிட்டான்.

பூனாவில் அறைகள் அவன் நினைத்திருந்த மாதிரியே வெண்மையாக இருந்தன. மூலக்கூறுகள் திரையில் சுழன்றன, பொருந்தின. முதல் மாதம் அவன் பசியைக்கூட மறந்தான். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், தான் கட்டிய மூலக்கூறு உடலில் எப்படி நடந்துகொள்ளும் என்று மென்பொருள் கணித்துத் தந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தான். இரத்தம், கல்லீரல், குடல் என்று போன அட்டவணையின் கடைசி வரி தோல். எதிரே ஒரே ஓர் எண்.

அந்த வரியில் அவன் கண் நின்றுவிட்டது. வகுப்பில் கையைத் தூக்கி, “எந்த இடத்துத் தோல், சார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். சிலர் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. அட்டவணையை அருகில் வந்து பார்த்துவிட்டு, “எல்லா இடத்துக்குமான சராசரியாக இருக்கும்” என்றார். பிறகு, “உன்னிடம் வேறு எண்கள் இருக்கின்றனவா?” என்று கேட்டார்.

அந்த எண்கள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். மாலையில் ஃபீபியைக் கூப்பிட்டான்.

“சென்னைல ஷர்மிளான்னு ஒரு பொண்ணு. அங்க சேராம வந்துட்டு நானே கேக்கக் கூச்சமா இருக்கு, நீ மேடம் கிட்ட கேட்டு அவ நம்பர் வாங்கித் தர முடியுமா? வயிறு, முதுகு, கழுத்துன்னு தனித்தனியா அளந்திருப்பா. அப்புறம் நிசார் பாய்கிட்ட, கழுத்துத் தோலு எவ்ளோ கனம் வருதுன்னு…”

“ரொம்ப நல்லாருக்கு. பொண்டாட்டி எப்டி இருக்கான்னு கேக்கல, ஆட்டுத்தோலு எப்டி இருக்குன்னு கேக்கறீங்க.”

அவன் சிரித்தான். பிறகு கேட்டான்: “நீ எங்க இருக்க இப்போ?”

“ரயில்ல. ஆம்பூர் வந்துடுச்சு.”

“ஜன்னல் தொறந்திருக்கா?”

“தொறந்துதான் இருக்கு. ஏன்?”

“தோலு வாடை வருதான்னுதான்” என்றான். ரயில் நிற்கும் சத்தம் ஓயும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.