பத்தியத்தில் இளைத்த மருமகள்

ஆமாம், என் மருமகள் ஜெயசுதா தினமும் கறி தின்றாள். ஆக்கிப் போட்டவள் நான். வயிற்றில் ஓட்டையோடு கிடக்கிறவளுக்கு நாக்கு எப்படி நீளுது பார் என்று குழாயடியில் பேசுகிற எதிர்வீட்டுப் பெரியம்மாள், என்னைத்தான் பேச வேண்டும்.

எங்கள் ஊர் களமருதூரில் ஜெயசுதா நடவுக்கு இறங்கினால் பக்கத்தில் நடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம். அப்படிப்பட்டவள், குடல் முறுக்கி ஆபரேஷன் ஆனதிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. தையல் போட்ட இடத்தில் ஒரு சிறு துளை ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. நாற்றத்துக்குக் கூச்சப்பட்டு என் பேரனைக்கூடப் பக்கத்தில் விடமாட்டாள்.

எனக்குத் தெரியாத வைத்தியமா? பத்தியம் போட்டேன். குழைந்த சோறும் மிளகு ரசமும்தான். எண்ணெய், முட்டை, கறி எதுவும் கிடையாது. முட்டை கொடுக்கச் சொன்ன நர்ஸ் சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

துளை அடைபடவில்லை என்று சென்னைக்குக் கூட்டிப் போனோம். அவள் வயிற்றுக் கொழுப்பிலேயே கொஞ்சம் உறிஞ்சி, ஸ்டெம் செல் பிரித்து, துளையைச் சுற்றி ஊசியில் போட்டால் சதை வளர்ந்து மூடிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற வைத்தியம், உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். பிறகு அவள் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். வெறும் தோல்தான் வந்தது.

"ஏம்மா, இவங்களுக்கு வீட்ல சாப்பாடே போடறதில்லையா?"

நான் என் இடுப்பு மடிப்பைப் பிடித்துக் காட்டினேன். "எங்கிட்ட ஜாஸ்தி கீதுங்க. எடுத்துக்கோங்க."

அவளுடையதுதான் வேண்டுமாம். ஜெயசுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தே, ஒங்க கொழுப்பு உள்ள வந்தா என் வயிறு என் பேச்சக் கேக்குமா?"

அதற்கப்புறம்தான் கறியும் முட்டையும். பத்தியம் காத்த அதே பிடிவாதத்தோடு ஊட்டினேன். கிள்ளினால் கைக்கு வருகிற அளவுக்குக் கொழுப்பு சேர்ந்ததும் எடுத்து, ஊசி போட்டார்கள். கசிவு மெல்லக் குறைந்தது. கடைசியில் கட்டின துணி காய்ந்தே இருந்தது. அப்போதும் நான் துணியை மோந்து பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் படு என்பேன்.

நடவு தொடங்கிய காலையில், என் மகனின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவை மேல் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்கடி கெளம்பிட்ட? டாக்டர் இன்னா சொன்னாரு?"

"அவரு எப்பவோ போலாம்னுட்டாரு. நீங்கதான் இன்னும் வுடல."

நான் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகி, என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.