கோயில் எதுங்க?

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழ், பயிற்சி நிருபர்களை எடுப்பதாக விளம்பரம் செய்தது. எழுத்துத் தேர்வுக்குக் கல்யாண மண்டபம் நிறைந்த கூட்டம். அதில் தேறி நேர்முகத்துக்கு வந்தவர்களில் பெண் என்று நான் ஒருத்திதான். அப்போது கணபதியில் ஒரு கிரைண்டர் பட்டறையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லீவு கேட்டதற்கு முதலாளி, "போறதுன்னா ஒரேயடியாப் போயிக்கங்க அம்மணி" என்றார். வந்துவிட்டேன். இதுவும் கிடைக்காவிட்டால் எனக்கு வேலை என்று ஒன்றும் இல்லை.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் எல்லாம். மற்ற இருவரும் தலையாட்ட வந்தவர்கள். "உக்காருங்க அம்மணி, மொதல்ல டீ குடிங்க" என்றார் நடுவில் இருந்தவர், வாய் நிறைய மரியாதையோடு. பீங்கான் கோப்பையில் ஏலக்காய் மணக்க டீ வந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன். சிங்காநல்லூர் மில் கதவடைப்பைப் பற்றி நான் தேர்வில் எழுதிய செய்தி அவர் முன்னால் கிடந்தது. அதைப் பற்றித்தான் கேட்பார் என்று பஸ்ஸில் வரும்போதே பதில்களைச் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"எந்த ஊருங்க?"

"கணபதிங்க."

"அது குடியிருக்கறதுங்க. சொந்த ஊரு?"

"உடுமலைப்பேட்டைப் பக்கமுங்க."

"தோப்பு கீப்பு இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"கோயில் எதுங்க?"

அவருக்கென்ன, சாமி கும்பிடவா வழி கேட்கிறார்? எங்கள் பக்கத்தில் சாதியை வாய்விட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு. அதனால் ஊரைக் கேட்பார்கள், தோப்பைக் கேட்பார்கள், கடைசியில் குலதெய்வக் கோயிலைக் கேட்பார்கள். கோயிலைச் சொன்னால் போதும், இன்ன சாதி, இன்ன தெரு என்று எல்லாம் தெரிந்துவிடும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர், "கூச்சப்பட்டா எப்படிங்க? நிருபருன்னா யாருகிட்டயும் எதையும் கேக்கோணும்" என்றார். சரியென்று கேட்டேன்.

"உங்களுக்குக் கோயில் எதுங்க?"

நடுவில் இருந்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கோயில், குலத்துக் கூட்டத்தின் பெயர், கும்பாபிஷேகத்துக்கு அவர் அப்பா வாங்கிக் கொடுத்த மணி என்று நான் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனார். இவ்வளவு விவரமாகக் கேட்கிறவள் வேறு யாராக இருப்பாள் என்று முடிவே கட்டிவிட்டார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப நீங்களும் நம்ம ஆளுகதானுங்களே?" என்றார்.

ஒரு தலையாட்டல் போதும், வேலை என் கையில். அந்த வேலை மேல் எனக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் ஆத்திரம் முந்திக்கொண்டது.

"விளம்பரத்துல கோயில் கேக்கலீங்களே. டிகிரிதானுங்க கேட்டிருந்தீங்க?"

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "போயிட்டு வாங்க அம்மணி. சொல்லி அனுப்பறோமுங்க." பெண் பார்க்க வந்து பிடிக்காமல் கிளம்புகிறவர்கள் சொல்கிற அதே பேச்சு. யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்ன கண்ணு கேட்டாங்க?" என்றாள்.

"கோயில் எதுன்னாங்க."

"சொல்லிப்போட்டியா?"

"இல்லை."

ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கென்று தனித் தம்ளர் வைத்திருந்த காலத்தைப் பார்த்தவள் அம்மா.

"டீத்தண்ணி ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. பீங்கான் கோப்பைல."

"கோயிலக் கேக்கறதுக்கு முந்தியா, பொறகா?"

"முந்தி."

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேலை போனதைக்கூட மறந்துவிட்டேன். அந்த டீயை ருசித்துக் குடித்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.