அவள் போனின் அடையாள வரி

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி, ஸ்ரீவைகுண்டத்தில் அதன் கிளை. இரண்டிலும் இண்டர்நெட் வழியாகப் பேசும் போன்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கிளையின் வரவேற்பு மேஜையில் என் மனைவி இருந்தாள்.

ஒருமுறை இடி விழுந்து அங்கே ஒரு போன் கருகிப்போனது. அதிலிருந்து சாயங்காலம் கிளம்பும்போது தன் போனின் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் முதல் வேலையாக மாட்டுவாள். உடனே அந்தப் போன் பாளையங்கோட்டையில் என் சர்வரில், அழைப்புகளை இணைத்துவிடும் கம்ப்யூட்டரில், தன்னைப் பதிந்துகொள்ளும். அந்த மேஜைக்குரிய எக்ஸ்டென்ஷன் எண்ணோடு, தான் எந்தக் கருவி என்று சொல்லும் அடையாள வரி ஒன்றும் வரும். போனின் அடியில் ஒட்டியிருக்கும் நம்பர்தான் அது. அதைத் திரையில் பார்த்த பிறகுதான் நான் டீ குடிக்கப் போவேன்.

"வந்துட்டேம்னு தனியா வேற சொல்லணுமாக்கும்? அதான் போனே சொல்லுதுல்லா" என்பாள்.

போன வருஷம் அவள் இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. அவள் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். அவளும் காலையில் பிளக்கை மாட்டினாள், அதே நம்பர் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் தினமும் அதற்காகக் காத்திருந்தேன். கிறுக்கு என்றால் கிறுக்குதான்.

பிறகு கிளைக்கென்று தனியாக ஒரு சர்வர் வைத்தார்கள். போன்கள் அதில் பதிந்துகொள்ளும், அது அந்தப் பதிவுகளை எனக்கு அனுப்பும். அனுப்பும்போது கருவியின் அடையாள வரியை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. ஊரார் கொடுத்துவிட்ட மொய்யை எல்லாம் ஒருத்தன் தன் பேரிலேயே எழுதிவிட்ட மாதிரி. கிளையின் எல்லாப் போனும் எனக்கு ஒரே பெயரில் வந்தன.

"மணி அடிக்குது, பேச்சு கேக்குது. இன்னும் என்னவே வேணும் ஒமக்கு?" என்றார் என் மேலதிகாரி.

"எந்தப் போனுன்னு தெரியாம ரிப்பேர் எப்படி பாக்கது அண்ணாச்சி?" என்றேன். அதுவும் உண்மைதான், முழு உண்மை இல்லை.

"எக்ஸ்டென்ஷனை வச்சு நீரே ஒரு பேரை எழுதிப் போடும்."

எக்ஸ்டென்ஷன் வெறும் நாற்காலி. உட்கார்ந்திருப்பது யார் என்று போன் தானே சொல்ல வேண்டும். நான் எழுதிப் போட்டால் அது பொய்.

மழைக்காலம் முழுக்க அந்தச் சர்வரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அடையாள வரியைத் தொடாமல், வந்தது வந்தபடியே அனுப்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் மனைவியின் எக்ஸ்டென்ஷன் வந்தது. அடையாள வரியும் வந்தது. நம்பர் வேறு.

திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் கிளைக்குப் பேசினேன். அந்தப் பெண்தான் எடுத்தாள்.

"பழைய போனா சார்? பட்டனெல்லாம் தேஞ்சு அமுங்கவே இல்ல. புது சர்வர் வைக்க வந்தவங்களே மாத்திட்டாங்க. பழசை அன்னைக்கே இரும்புக் கடைக்குப் போட்டாச்சு. ஏன் சார்?"

நான் மல்லுக்கட்டிய அத்தனை நாளும் அது அங்கே இல்லை. பட்டன்கள் தேய்ந்தது என் மனைவியின் விரல் பட்டு. "சும்மாதாம்மா" என்று வைத்துவிட்டேன்.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியா வருதாவே?"

"சரியாத்தான் வருது அண்ணாச்சி."

"அப்ப வாரும், டீ குடிப்போம்."

அவள் வந்து சேர்ந்தது தெரியாமல் நான் எப்படிப் போவேன்?