டிவியில் என் முகம், வேறொருத்தியின் குரல்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. திருவொற்றியூர் விம்கோ நகரில் ஒரு மாடி போர்ஷனில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம்.

என்னை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை ஒரு மெகா தொடரில் தினமும் அழுதுகொண்டிருந்த குழந்தை நான்தான். ஆனால் முகம் மட்டும்தான் என்னுடையது. முதல் நாளே டைரக்டர், "மூஞ்சி அம்சமா இருக்கு, வாயைத் திறந்தாதான் மீன் மார்க்கெட்" என்று சிரித்துவிட்டு, வேறொரு அக்காவை எனக்கு டப்பிங் பேச வைத்தார்.

அம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் வாய் தவறி எங்கள் வடசென்னைப் பேச்சில் "இன்னா" என்று வந்தால் தொடையில் ஒரு கிள்ளு. கிள்ளுக்குப் பயந்தே பேச்சை மாற்றிக்கொண்டேன். தெருப் பிள்ளைகள் டிவிக்காரி என்று பெயர் வைத்து விளையாட்டில் சேர்க்கவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் சீரியல்காரர்களும் கூப்பிடவில்லை. சரிதான் போ என்று படித்து, மணலியில் ஒரு கம்பெனியில் வரவேற்பறை வேலைக்குப் போனேன். அங்கே என் பேச்சை எல்லோரும் மெச்சுவார்கள். மதியச் சாப்பாட்டை மட்டும் தனியாகத்தான் சாப்பிடுவேன்.

அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு என்னையே மறந்தாள். அந்த மழைக்காலத்தில் திடீரென்று சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். "யாரும்மா நீ? என் பொண்ணு ஷூட்டிங் போய்கீது. அது வந்தாதான் துன்னுவேன்" என்று ஒரே பிடிவாதம். இரண்டு நாள் வெறும் தண்ணீர்தான். இன்றும் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. யாரோ யூடியூபில் போட்டிருந்த என் பழைய காட்சி ஒன்றை செல்போனில் வைத்துக் காட்டினேன். அம்மா முகம் மலர்ந்து திரையைத் தடவினாள். அப்பாடா என்று சோற்றைப் பிசைந்தேன். அதற்குள் அந்தக் குழந்தை, "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டது.

அம்மா முகம் சுருங்கிவிட்டது. "மூஞ்சி என் பொண்ணுதுதான். கொரலு எவளுதோ" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். ரசம் சோறு தரையெல்லாம் கொட்டியது.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். கூடவே அழுகை. இருபது வருடமாக என் வாயில் வராத பேச்சு கொட்டிவிட்டது. "இன்னாம்மா நீ, இப்டி பேஜாரு பண்ணிக்கினு கீற? ரெண்டு வாய் துன்னும்மா. உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க?"

அம்மா சட்டென்று திரும்பி என்னையே பார்த்தாள். "எப்போடி வந்த? ஷூட்டிங் முட்ஞ்சிதா?" என்றாள். அடுத்த நொடியே அவள் விரல்கள் என் தொடையைத் தேடின. கிள்ளினாள். அதில் பலமே இல்லை.

"இன்னானு பேசாதனு எத்தினி வாட்டி சொல்றது உனக்கு? சான்ஸ் குடுக்க மாட்டாங்கடி."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். மறுபடி சோறு போட்டுவந்து ஊட்டினேன். ஏழு வாய் சாப்பிட்டாள். சாயங்காலமே மீண்டும் யார் நீ என்று கேட்டாள்.

பிறகு அந்தப் பேச்சிலேயே கூப்பிட்டுத்தான் ஊட்டினேன். சில நாள் என்னைத் தெரிந்தது, பல நாள் தெரியவில்லை. அடுத்த ஆடியில் போய்விட்டாள்.

இப்போது ஒற்றை ஆளாகத் தட்டைப் போட்டு உட்காரும்போது, "இன்னாம்மா, துன்னியா?" என்று சத்தமாகவே கேட்கிறேன். மற்றவர்களுக்காக நான் விழுங்கிவிட்ட அந்தக் குரலைத்தான் அம்மா கடைசிவரை தன் பெண்ணாக வைத்திருந்தாள் என்று நினைக்கும்போது, கிள்ளுவதற்கு ஆளில்லாத தொடையை நானே தடவிக்கொள்கிறேன்.