பக்கத்து வீட்டுச் சனிக்கிழமை

எங்கள் அம்மா கந்தசஷ்டி விரதம் பிடித்தால் ஆறு நாளும் பிடிப்பார். நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர் பட்டினி கிடக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். முருகனை விடவா டொக்டர் என்பது அம்மாவின் கட்சி. விரதத்தின் நடுவில் வந்த சனிக்கிழமை மத்தியானம், வெளிநாட்டில், ஹென்டன் என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினியில், சமையல் அடுப்புக்கு முன்னால் அவர் சரிந்து விழுந்தார்.

உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் முனகினார். அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். எனக்கு எட்டு வயது. அம்மாவின் போன் பூட்டிக் கிடந்தது, திறக்கத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் யூத வேதச் சட்டம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியரும் மனைவியும் இருந்தார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். லைட் சுவிச்சைக்கூடத் தொடமாட்டார்கள். “அவையின்ர சட்டம் அப்பிடி. மீறினாப் பெரிய பாவம்,” என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் மணியை அழுத்தவும் பயந்து, கையால் கதவைத் தட்டினேன். உள்ளே பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

நான் சொல்லி முடிக்குமுன் ஆசிரியர் எங்கள் குசினியில் நின்றார். அம்மாவின் போனை எடுத்தார்.

“நீங்கள் தொடாதீர்கள்! எதை அழுத்துவது என்று சொல்லுங்கள், நான் அழுத்துகிறேன். எனக்குப் பாவம் வராது,” என்று ஆங்கிலத்தில் கதறினேன்.

“இல்லை மகளே, இதை நான்தான் செய்யவேண்டும்,” என்றார். பூட்டிய போனிலேயே அவசர எண்ணை அழுத்தினார். எங்களுக்காகத் தன் கடவுளின் சட்டத்தை மீறிவிட்டார் என்று நினைத்தேன். அதற்குள் அவர் மனைவி தங்கள் மேசையிலிருந்த திராட்சைச் சாற்றோடு ஓடிவந்தார். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது, இனிப்பு வேண்டும் என்று சொல்லி, அம்மாவின் தலையை மடியில் தாங்கி உதடுகளுக்கிடையே சொட்டுச் சொட்டாக விட்டார். அம்மா விழுங்கினார். ஆம்புலன்ஸ் வந்தபோது கண் திறந்திருந்தார்.

அம்மா பிழைத்துவிட்டார். என் பயம் மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா, “விரதம் முறிஞ்சு போச்சே,” என்று அழுதார். ஒரே மத்தியானத்தில் இரண்டு கடவுள்களின் கோபத்தைச் சம்பாதித்துவிட்டோம் என்று எனக்குப் பட்டது. அப்பா பக்கத்து வீட்டு வாசலில் நின்று, அவர்களின் ஓய்வுநாளைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

“உயிர் போகிற நேரத்தில், ஓய்வுநாளிலும் போனை எடுத்து உதவிக்கு அழைப்பதுதான் எங்கள் சட்டம்,” என்றார் ஆசிரியர். “அதையும் பிள்ளையிடமோ வேற்று மதத்தவரிடமோ தள்ளிவிடக்கூடாது. சட்டம் படித்தவனே முதலில் கை வைக்கவேண்டும்.”

“மரியாதைக்குச் சொல்லுறார், நல்ல மனுசன்,” என்றார் அப்பா, வீட்டுக்குள் வந்ததும். நானும் அப்படியே நம்பினேன். அந்த வாரம் முழுவதும் சுவரில் காதை வைத்து, அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை அங்கே பாட்டுத்தான் கேட்டது. தங்களுக்கு வரப்போகும் தண்டனை தெரியாமல் பாடுகிறார்களே என்று போர்வைக்குள் நடுங்கினேன். அவர் சொன்னது மரியாதைக்கு அல்ல, அன்று அவர் தன் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மீறவில்லை என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எங்கே விளங்கியது?