சேக் பரீது தமிழில் சொன்ன இந்திப் படம்

இன்னாசியம்மாளின் புருஷன் பவுல்ராஜ், படுக்கையில் விழுந்த கடைசிக் காலத்தில் சின்னச் சத்தம் கேட்டாலும் துடித்துப்போவார். தொண்ணூற்றேழாம் வருஷம் அது. வேடசந்தூரில் அவர்கள் தெரு வழியாகத்தான் சினிமாக் கொட்டகையின் விளம்பர ஆட்டோ தினமும் போகும். பவுல்ராஜ் படுத்ததிலிருந்து அந்த ஆட்டோ தெருமுனையிலேயே ஊமையாகிவிடும். மைக்கை அணைத்து, எஞ்சினையும் அணைத்து, ஓட்டிக்கொண்டே மைக்கில் பேசுகிற சேக் பரீது இறங்கிக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே அந்த வீட்டைத் தாண்டுவார். நாற்பது நாளும் இப்படித்தான். அடக்கமெல்லாம் முடிந்த பிறகு எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் இன்னாசியம்மாளுக்கே இது தெரியும். போய்க் கையெடுத்துக் கும்பிட்டபோது, "பெட்ரோலு மிச்சந்தானே தாயி" என்றார்.

அந்தக் கொட்டகையிலேயே பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்த பிறகுதான், மனிதர் எப்பேர்ப்பட்ட கோபக்காரர் என்று பார்த்தாள். தன் வாயால் ஒரு பொய் வந்துவிடக் கூடாது. அதில் கைவைத்தால் எரிந்துவிழுவார்.

வெள்ளைக்காரப் படங்கள் தமிழ் பேச ஆரம்பித்திருந்த காலம். வேற்றுக்கிரகத்து ஆள் வந்து இறங்குவான், இரும்புச் சட்டைக்காரன் ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்துவான். சேக் பரீது மைக்கைப் பிடித்தால் கேட்க வேண்டும். "அமெரிக்காவைக் காப்பாத்துனவன் இன்னிக்கு நம்ம ஊருக்கு வாரான்! தமிழ் பேசுறான்! அடிக்கிற அடியும் தமிழ்லயே அடிக்கிறான்!" ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதல் ரீலை உட்கார்ந்து பார்க்காமல் ஆட்டோவில் ஏற மாட்டார். ஒருமுறை ஒரு விண்கலப் படத்தில் இடைவேளைக்குப் பிறகு தமிழ் நின்றுபோனது. மறுநாள் ஊரெல்லாம், "பாதிப் படம் தமிழ் பேசும், மீதிக்கு அல்லா விட்ட வழி" என்று சொல்லிக்கொண்டு போனார். மேனேஜர் வேலுசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வழக்கம் ஒரே ஒரு முறை தவறியது. இரண்டாயிரத்து ஆறு. பறக்கிற ஆள் வருகிற இந்திப் படம் ஒன்று தமிழாகி வருகிறது என்று பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் வரை மதுரையிலிருந்து ரீல் பெட்டி வந்து சேரவில்லை. மறுநாளோ மாதத்தின் முதல் ஞாயிறு. மில் விடுதிப் பெண்களை வெளியே விடுகிற ஒரே நாள்.

"தமிழ்ப் பிரிண்டுதான் பாய். மதுரைக்காரன்ட்ட நாந்தான பேசுனேன்? எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் வேலுசாமி.

சேக் பரீது நம்பினார். மில் வாசல் வரைக்கும் ஆட்டோவை விட்டு, தமிழ் பேசுது, தமிழ் பேசுது என்று தொண்டை கட்டச் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து இன்னாசியம்மாள் கொட்டகைக்கு வந்தபோது, ஆபரேட்டர் ரொனால்டு மாடிப்படியில் முழித்துக்கொண்டு நின்றான். "அக்கா, ராத்திரிதான் பொட்டி வந்துச்சு. ஓட்டிப் பாத்தேன். சுத்தமா இந்தி பேசுது."

பின்னாலேயே வேலுசாமி வந்தார். "ரெண்டு பேரும் வாயத் தெறந்தீங்க, நாளைக்கு வேற வேலை பாத்துக்கங்க."

அவள் மாதாவை நினைத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு மில் பஸ் வந்து நின்றது. அறுபது பெண்கள். பூ வைத்து, பவுடர் போட்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கூட்டி வந்த ஒச்சாயி, மில்லில் பஞ்சு கூட்டுகிறவள், நாக்கில் நெருப்பு வைத்திருக்கிறவள். தமிழ்ப் படந்தானே என்று அவர்கள் கேட்டதைக் கேளாத மாதிரி, குனிந்த தலை நிமிராமல் இன்னாசியம்மாள் டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் உள்ளே கூச்சல். ஒச்சாயி வெளியே வந்தாள். டீக்கடையில் நின்ற சேக் பரீதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா மைக்குக்காரரே, ஒம்ம வாயிதான்யா தமிழ் பேசுது. படம் என்னமோ குடுகுடுப்பைக்காரன் மாதிரில்ல பேசுது! மாசம் பூரா மெசினு சத்தம் கேட்டுட்டு வந்த புள்ளைகய்யா. வெளங்காத சத்தத்தக் கேக்கவா இங்க வந்துச்சுக?"

அவர் முகம் செத்துப்போனது. டீயை அப்படியே வைத்துவிட்டு நேராக வேலுசாமியின் அறைக்குப் போனார்.

"புள்ளைக துட்ட எடுத்துக் குடு."

"போ பாய். பறக்குறான், அடிக்கிறான். இதுக்கெதுக்குப் பாஷை? மில்லுக் கழுதைகளுக்கு அது போதும்."

"என்ன சொன்ன?"

"ஒனக்கென்ன வந்துச்சு? வாய்க்குக் கூலி வாங்குனேல்ல, போ."

அடித்துவிடுவார் என்றுதான் இன்னாசியம்மாள் பயந்தாள். அவர் அடிக்கவில்லை. ஆட்டோவுக்குப் போய் பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், மைக், ஹாரன் குழாய் எல்லாவற்றையும் ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். திரைக்குக் கீழே பெண்கள் பக்கமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேலே பார்த்து, "ஏலே ரொனால்டு! மொத ரீல்லருந்து போடுலே! படத்துச் சத்தத்தக் கொறை!" என்று போட்ட சத்தத்தில் கூச்சல் அடங்கியது.

இளவயதில் தோல் வியாபாரத்துக்காக எட்டு வருஷம் பம்பாயில் கிடந்தவர். அந்த இந்தி அன்றைக்குக் கைகொடுத்தது.

"தாயிகளா, நான் சொன்ன சொல்லு பொய்யாப் போச்சு. அதனால நானே சொல்றேன், கேட்டுக்கங்க. இந்தக் கண்ணாடிக்காரன் விஞ்ஞானி. சூரிய வெளிச்சத்த ஒரு பொட்டிக்குள்ள அடச்சு வெக்கப் பாக்குறான்."

"நம்ம மில்லுல முன்னாடியே அடச்சாச்சு, அடுத்தத சொல்லும்!" என்றாள் ஒச்சாயி. கொட்டகை சிரித்தது. சேக் பரீது சிரிக்கவில்லை. அத்தனை பாத்திரத்துக்கும் கோபத்தோடேயே பேசினார். கதாநாயகி காதலைச் சொன்னபோதுகூட அது சண்டை மாதிரியே வந்தது. புரியாத இடம் வந்தால், "இது எனக்கும் வெளங்கல, பொய் சொல்ல மாட்டேன்" என்பார். வில்லன் வந்தால் மட்டும் வேலுசாமியின் குரல். வாசலில் நின்ற வேலுசாமிக்கு முகம் கறுத்தது.

இரண்டரை மணி நேரம். படம் முடியும்போது தொண்டையில் காற்றுதான் வந்தது. பெண்கள் கைதட்டியதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கூட்டம் போனபின் வேலுசாமி பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். "பாய், நல்லாத்தான்யா இருந்துச்சு! இனி எல்லா ஷோவுக்கும் நீயே பேசு. 'நேரடித் தமிழ் விளக்கம்'னு போஸ்டர்ல துண்டு ஒட்டிரலாம்."

"ஒட்டு. ஒம்மூஞ்சியில ஒட்டு" என்றார் சேக் பரீது. இன்னாசியம்மாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"தாயி, ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "காலையிலயே ரொனால்டு சொன்னான்ண்ணே."

அவர் அவளையே பார்த்தார். வேலுசாமியிடம் கத்திய மனிதர் அவளிடம் ஒரு வார்த்தை கத்தவில்லை. மைக் வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அவள் பல நாள் அழுதாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். பாரம் இறங்கவில்லை.

சேக் பரீது அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, ஆட்டோவை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகள் ஷமா வீட்டோடு இருக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வேலை போயிருமேன்னு பயந்துட்டேண்ணே. என்ன மன்னிச்சிருங்க."

அவர் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. பஸ் நகரத் தொடங்கியபோதுதான் வாயைத் திறந்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன தாயி ஆகப்போகுது? வார ஞாயித்துக்கெழம மில்லு பஸ்ஸு வரும்ல, அதுல எறங்குற புள்ளைக முன்னாடி நின்னு சொல்லு."